கலங்களை அழைக்கும் விளக்கு

‘கலங்கரை விளக்கம்’ என்னும் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ‘கலம்’ என்றால் கப்பல். ‘கரைதல்’ என்றால் அழைத்தல். காகம் கரைகிறது என்கிறோமே, அதே கரைதல்தான். கடலில் செல்லும் கலங்களை அழைத்து வழிகாட்டும் விளக்கே கலங்கரை விளக்கம். இச்சொல் சிலப்பதிகாரத்திலேயே இடம்பெற்றுள்ளது. மலாய் மொழியில் இதனை ‘ரூமா அப்பி’ என்பர்; ‘தீ வீடு’ என்பது அதன் பொருள். மலாய்ச்சொல் விளக்கின் தோற்றத்தைக் கூறுகிறது. தமிழ்ச்சொல் அதன் வேலையைக் கூறுகிறது.

இந்த வேலை போர்ட் கிள்ளானுக்கு ஏன் தேவைப்பட்டது? சிலாங்கூரின் கடற்கரை பெரும்பாலும் தட்டையான சதுப்புநிலம். கடலிலிருந்து பார்க்கும் மாலுமிக்கு எங்கும் ஒரே பச்சைக் கோடாக அலையாத்திக் காடுதான் தெரியும். எந்த இடத்தில் ஆற்றின் வாய் உள்ளது, எந்த இடத்தில் மணல்திட்டு மறைந்துள்ளது என்று கண்டுகொள்வது கடினம். இரவில் அந்தப் பச்சைக் கோடும் மறைந்துவிடும். இத்தகைய கடலில் வழிகாட்ட எழுந்த இரண்டு கலங்கரை விளக்கங்களைப் பற்றி அறிவோம்.

முதலாவது, நாம் நேரில் சென்று காணக்கூடியது. கிள்ளானிலிருந்து வடக்கே காப்பார், ஜெராம் வழியாகச் சென்றால் கோலா சிலாங்கூரை அடையலாம். அங்குள்ள புக்கிட் மெலாவத்தி குன்றின்மேல், 1907ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கட்டிய ஆல்டிங்ஸ்பெர்க் கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதன் உயரம் ஏறத்தாழ 27 மீட்டர். குன்றின்மேல் பழைய பீரங்கிகள் கடலை நோக்கியவாறு உள்ளன. 1784இல் டச்சுக்காரர்கள் இக்குன்றிலிருந்த கோட்டையைக் கைப்பற்றி, தங்கள் ஆளுநரின் பெயரால் அதற்கு ‘ஆல்டிங்ஸ்பெர்க்’ எனப் பெயரிட்டனர். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதனை மீட்டுக்கொண்டார். கோட்டை கைமாறினாலும் அந்தப் பெயர் மட்டும் விளக்கோடு ஒட்டிக்கொண்டது.

விளக்கை ஏன் குன்றின்மேல் கட்டினார்கள்? பூமி உருண்டையானது. ஆகவே, எவ்வளவு பிரகாசமான விளக்காயினும், தாழ்வாக இருந்தால் அதன் ஒளி தொடுவானத்துக்கு அப்பால் செல்லாது. கடல் மட்டத்திலிருந்து 25 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்குத் தொடுவானம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். 100 மீட்டர் உயரத்தில் நின்றால் அது 36 கிலோமீட்டராகும். உயரம் நான்கு மடங்கானால் தொலைவு இரண்டு மடங்காகிறது. குன்று இந்த உயரத்தைச் செலவின்றித் தந்துவிடுகிறது.

இரண்டாவது விளக்குக்குக் குன்றும் இல்லை, நிலமும் இல்லை. போர்ட் கிள்ளானுக்கு மேற்கே, மலாக்கா நீரிணையின் நடுவே, ‘பெர்மாத்தாங் செடெப்பா’ என்னும் மணல்திட்டு நீருக்கடியில் மறைந்து கிடக்கிறது. ‘டெப்பா’ என்பது மலாய் மொழியில் ஒரு நீட்டலளவை. இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை உள்ள நீளமே ஒரு டெப்பா, ஏறத்தாழ 1.8 மீட்டர். தமிழ் மீனவர்கள் இதனையே ‘பாகம்’ என்பர். ஒரு பாக ஆழமே உள்ள திட்டு என்பதால் இதற்கு அப்பெயர் வந்தது. இன்றைய பெரிய கொள்கலன் கப்பலின் அடிப்பகுதியோ நீருக்குள் 14, 15 மீட்டர் வரை இறங்கியிருக்கும். ஆகவே, இத்திட்டு எவ்வளவு ஆபத்தானது என்பதை நாமே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

நகரும் மணலில் கோபுரத்தை எப்படி நிறுத்துவது? இதற்கு விடை கண்டவர் அயர்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் மிட்செல். சுரையாணியைப் போல் நுனியில் அகன்ற திருகு கொண்ட இரும்புத் தூணை அவர் வடிவமைத்து, 1833இல் காப்புரிமை பெற்றார். அத்தூணைச் சுழற்றச் சுழற்ற அது மணலுக்குள் இறங்கி உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். இளம் வயதிலேயே பார்வையை இழந்தவர் மிட்செல் என்பது நாம் மறக்கக் கூடாத செய்தியாகும். அவர் கண்டறிந்த திருகுத்தூண் முறையில்தான் 1874இல் பெர்மாத்தாங் செடெப்பாவில் கலங்கரை விளக்கம் எழுந்தது. பின்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கற்காரைத் தூண்களின்மேல் அது மீண்டும் கட்டப்பட்டது. 1999இல் அதனருகே புதிய விளக்கு அமைந்தது.

இந்நீரிணையில் வந்த கப்பல்களில் நம் முன்னோரும் இருந்தனர். 1901இல் ‘போர்ட் சுவெட்டன்ஹாம்’ என்னும் பெயரில் திறக்கப்பட்ட துறைமுகமே இன்றைய போர்ட் கிள்ளான். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்னும் கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் பயணிகளை ஏற்றிக்கொண்டு, பினாங்கு வழியாக இத்துறைமுகத்துக்கும் சிங்கப்பூருக்கும் சென்றுவந்தது. கப்பலின் மேல்தளத்தில் மூட்டைகளோடு அமர்ந்து வந்த தோட்டத் தொழிலாளிக்கு இவ்விளக்குகளின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆயினும், அவர் உயிரோடு கரை சேர்ந்ததில் அவற்றுக்கும் பங்குண்டு.

இன்று கப்பல்களில் ரேடாரும் ‘ஜி.பி.எஸ்.’ எனப்படும் புவியிடங்காட்டியும் உள்ளன. நீரிணையில் எதிரெதிர்த் திசைகளில் செல்லும் கப்பல்களுக்குத் தனித்தனிப் பாதைகள் 1981இல் நடைமுறைக்கு வந்தன. பெரிய கப்பல்கள், அடிப்பகுதிக்கும் கடற்படுகைக்கும் இடையே குறைந்தது 3.5 மீட்டர் நீர் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற விதியும் உண்டு. அப்படியானால் கலங்கரை விளக்கம் இனித் தேவைதானா?

கருவிகள் பழுதடையலாம், செயற்கைக்கோள் குறிப்பலைகள் தடைபடலாம். சிறு படகில் இரவில் வலை வீசும் மீனவரிடம் விலையுயர்ந்த கருவிகள் இல்லாமலும் போகலாம். விளக்கின் ஒளியைக் காண்பதற்கோ கண் இருந்தால் போதும். ஒவ்வொரு விளக்கும் தனக்கே உரிய கால இடைவெளியில் மின்னுவதால், அதனை எண்ணிப் பார்த்து ‘இது எந்த விளக்கு, நான் எங்கே இருக்கிறேன்’ என்று மாலுமி அறிந்துகொள்கிறார். கருவி காட்டுவது சரிதானா என்று சோதித்துக்கொள்ள அவருக்கு அது இரண்டாவது சான்றாகிறது. இதனால்தான் நம் நாட்டுத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்கள், 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விளக்குக் கட்டணம் செலுத்துகின்றன.

புக்கிட் மெலாவத்திக்குச் செல்லும்போது குரங்குகளுக்குக் கடலை கொடுப்பதோடு திரும்பிவிடாதீர்கள். கோபுரத்தின் அடியில் நின்று சற்று நேரம் கடலை நோக்குங்கள். அங்கிருந்து பெர்மாத்தாங் செடெப்பா தெரியாது. அதன் மணல்திட்டோ அருகில் சென்றாலும் எளிதில் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஆபத்தை முகம் அறியாத மாலுமிக்கு ஒவ்வோர் இரவும் தவறாமல் அறிவிப்பதே கலங்கரை விளக்கத்தின் பணி.

சிந்தித்து விடை எழுதுக

1. ‘கலங்கரை விளக்கம்’, ‘ரூமா அப்பி’ ஆகிய சொற்களுக்கு இடையிலான வேறுபாட்டை விளக்குக.
2. பெர்மாத்தாங் செடெப்பாவில் விளக்கு அமைப்பது ஏன் கடினமாக இருந்தது? அச்சிக்கல் எவ்வாறு தீர்க்கப்பட்டது?
3. நவீனக் கருவிகள் உள்ள இக்காலத்தில் கலங்கரை விளக்கம் தேவையா? உமது கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.