போர்வெல் தண்ணீருக்கும் 250 கோடி வருஷப் பாறைக்கும் என்ன சம்பந்தம்?

பெங்களூரில் இருந்து மைசூரு போகும் சாலையில் ராமநகரம் வந்ததும் மொட்டை மொட்டையாகக் கல்மலைகள் தெரியும். 1975-ல் வெளியான ‘ஷோலே’ படம் எடுத்த இடம் அது. அந்த ஊரின் பழைய பெயர் குளோஸ்பேட். ஊர்ப் பெயர் மாறிவிட்டது, ஆனால் பாறைக்கு இன்றும் ‘குளோஸ்பேட் கிரானைட்’ என்றுதான் பெயர். வடக்கு தெற்காகச் சுமார் 400 கிலோமீட்டர் நீளம். அகலமோ 20, 30 கிலோமீட்டர்தான். தெற்கே நம்ம மாநில எல்லை வரைக்கும் நெருங்கி வருகிறது.

இதன் வயசு சுமார் 250 கோடி வருஷம். எப்படிச் சொல்கிறார்கள்? கிரானைட்டுக்குள் மணல்துகள் அளவில் ஜிர்கான் என்ற படிகம் இருக்கும். அது உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அநேகமாகச் சேர்க்காது. யுரேனியம் மெதுவாகச் சிதைந்து ஈயமாக மாறும். ஒரு வகை யுரேனியத்தில் பாதி மாறவே 447 கோடி வருஷம் ஆகும். ஆகவே படிகத்துக்குள் இப்போது எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று அளந்தால் வயசு கிடைத்துவிடும்.

பிறப்பு எப்படி என்பதைச் சொல்வது பாறையின் வேதியியல். பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள மேன்டில் உருகினால் பெரும்பாலும் பசால்ட் போன்ற கறுப்புக் குழம்புதான் வரும், அதில் பொட்டாசியம் குறைவு. குளோஸ்பேட்டில் பொட்டாசியம் நிறைய. விரல் நீளத்துக்கு இளஞ்சிவப்பு ஃபெல்ஸ்பார் படிகங்கள் தெரிவது அதனால்தான். அப்படியானால் பழைய மேலோடே உருகியிருக்க வேண்டும். ஆனால் இதன் சில பகுதிகளில் மெக்னீசியம், பேரியம், ஸ்ட்ரான்சியம் எல்லாம் கூடுதலாக இருக்கிறது. மேலோடு மட்டும் உருகினால் இந்தக் கணக்கு வராது. கீழிருந்து வந்த சூடான மேன்டில் குழம்பு, மேலோட்டையும் உருக்கி அதோடு கலந்திருக்கிறது என்பதே பொருத்தமான விளக்கம்.

அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? இதில் இரண்டு கட்சி. மேன்டிலின் ஆழத்திலிருந்து ஒரு வெப்பத்தூண் எழும்பியது என்கிறது ஒன்று. ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் செருகியதால் வந்தது என்கிறது மற்றொன்று. பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.

இன்னொரு விசேஷம், இந்த நிலப்பகுதி பிறகு சாய்ந்து தேய்ந்திருக்கிறது. வடக்கே பார்த்தால் மேலோட்டின் மேல்மட்டம். தெற்கே வர வர ஒரு காலத்தில் 20 கிலோமீட்டருக்கும் கீழே கிடந்த பாறை வெளியே தெரிகிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் வந்தால் சார்னோக்கைட்டும் நைசும் கிரானைட்டும் கலந்து கிடக்கும். அங்கே கிடப்பதெல்லாம் குளோஸ்பேட் அல்ல, ஆனால் பலவும் அதே காலத்துச் சொந்தங்கள்.

இனி தண்ணீர் விஷயம். குழம்பு குளிரும்போது எளிதில் படிகத்தில் இடம் கிடைக்காத தனிமங்கள் கடைசிவரை திரவத்திலேயே தங்கும். பொட்டாசியம், யுரேனியம் போல ஃபுளோரினும் பெரும்பாலும் அப்படித்தான். கடைசியில் அது பயோடைட் என்னும் கறுப்பு அபிரகத்திலும் அபடைட்டிலும் போய் ஒட்டிக்கொள்ளும். பாறையின் விரிசலில் தண்ணீர் பல வருஷம் தேங்கி நிற்கும்போது இது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளோரைடைப் பிடித்துப் படியவைத்துவிடும். கால்சியம் குறைந்து காரத்தன்மை கூடிய தண்ணீரில் அது அப்படியே கரைந்து நிற்கும். அதனால் ‘ஆழமாப் போட்டா நல்ல தண்ணி’ என்று நம்பி இன்னும் கொஞ்சம் காசு செலவழித்தும் பிரச்சினை தீராமல் போகலாம்.

இந்திய குடிநீர்த் தரத்தில் (ஐஎஸ் 10500) ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை. அதைத் தாண்டிய தண்ணீரைத் தொடர்ந்து குடித்தால் வளரும் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும். அளவு இன்னும் கூடி, பல வருஷம் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிவிடும். பல் கறை தேய்த்தால் போகாது. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்குக் காவிரித் தண்ணீர் தரும் ஒகேனக்கல் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ‘ஃபுளோரோசிஸ்’ என்ற நோயின் பெயர் இருக்கிறது என்றால் பாதிப்பு எவ்வளவு என்று புரியும்.

ஃபுளோரைடுக்கு நிறம், மணம், ருசி எதுவும் கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு இன்னும் செறிவாகும். சோதித்துப் பார்த்தால் மட்டுமே தெரியும். உங்கள் ஊர் எந்தப் பாறை மேல் இருக்கிறது என்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ‘பூகோஷ்’ இணையதளத்தில் போனிலேயே பார்க்கலாம். கிரானைட், நைஸ் என்று வந்தால் உடனே பயப்பட வேண்டாம், பக்கத்துப் பக்கத்து போர்வெல்லிலேயே அளவு மாறும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். மாதிரி எடுக்கும்போது மோட்டாரைச் சில நிமிஷம் ஓடவிட்டு, அந்தத் தண்ணீராலேயே இரண்டு மூன்று தடவை அலசிய பிளாஸ்டிக் பாட்டிலில் பிடியுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரிந்து அளவு தப்பாக வரலாம்.