விண்மீனின் பிறப்புச் சான்று

ஓமந்தூரில் ஒன்பதாம் வகுப்புக்கு விண்மீன்கள் பற்றிய பாடம். "சூரியனில் ஹைட்ரஜனும் ஹீலியமும் உள்ளன" என்றேன். "யாரு சார் போய்ப் பார்த்தாங்க?" என்றாள் ஒரு மாணவி. வகுப்பு சிரித்தது. "விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சிருக்காங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அந்த வாரம் முழுவதும் அவள் வேறு கேள்வி கேட்கவில்லை. அது என்னை உறுத்தியது.

அடுத்த வாரம் சாராய விளக்குச் சுடரில் சிறிது சமையல் உப்பைக் காட்டினேன். சுடர் மஞ்சளாக மாறியது. அது சோடியத்தின் அடையாளம். பிறகு பழைய குறுந்தகட்டில் குழல்விளக்கின் ஒளியை விழச் செய்து, பிரியும் நிறங்களை மாணவர்கள் பார்த்தார்கள். (சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று முதலிலேயே எச்சரித்துவிட வேண்டும்.) ஒவ்வொரு தனிமமும் ஒளியில் தனக்கென ஓர் அடையாளத்தைப் பதிக்கிறது. விண்மீனின் நிறமாலையில் அதைத்தான் படிக்கிறார்கள். அங்கே போக வேண்டியதில்லை.

இதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், 1986 முதல் வைணு பாப்பு தொலைநோக்கி என்று அழைக்கப்படும் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதைக் கொண்டு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஹேமாவும் கஜேந்திர பாண்டேயும் 'ஒமேகா சென்டாரி' என்ற கோள விண்மீன் கொத்தை ஆராய்ந்தார்கள். சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில் ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்கள் திரண்டிருக்கும் கொத்து அது. அங்குள்ள சில விண்மீன்களில் மெக்னீசியம் ஹைட்ரைடின் பட்டை எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தது. வெப்பநிலையையும் மெக்னீசியத்தின் அளவையும் கணக்கில் எடுத்த பின்னும் அப்படியே. எனில் அங்கே ஹைட்ரஜன் குறைவு என்று 2014இல் அறிவித்தார்கள். ஹைட்ரஜன் குறைந்த இடத்தில் ஹீலியம் மிகுந்திருக்கும். முந்தைய தலைமுறை விண்மீன்கள் சமைத்து வெளியேற்றிய வாயுவில் இவை பிறந்திருக்கலாம்.

இன்னொரு தடயம் இரும்பு. பெரும்பாலான கோளக் கொத்துகளில் எல்லா விண்மீன்களிலும் இரும்பின் அளவு ஏறத்தாழ ஒன்றே. ஒமேகா சென்டாரியில் அது பெரிதும் வேறுபடுகிறது. வெடித்த விண்மீன்கள் சிதறிய இரும்பைத் தப்பவிடாமல் பிடித்துவைக்க மிகுந்த ஈர்ப்பு வேண்டும். அதனால் இது, நம் பால்வெளி விழுங்கிய ஒரு சிறு விண்மீன் மண்டலத்தின் எஞ்சிய மையப்பகுதி என்று வானியலாளர் பலர் கருதுகின்றனர்.

கிணற்று நீரின் சுவையைக் கொண்டு அது எந்த மண்ணில் ஊறியது என்று சொல்வதில்லையா? அப்படித்தான் இதுவும் என்றேன். "அப்ப இரும்பு வேற வேறயா இருந்தா, ஒரே தடவையில பொறந்தது இல்ல, அப்படித்தானே சார்?" என்றாள் அதே மாணவி. இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

மே மாத நடுவில் இரவு பத்து மணியளவில், தெற்கு அடிவானத்திலிருந்து சுமார் 30 பாகை உயரத்தில், இருநோக்கியில் மங்கிய பஞ்சுத் துகள் போல ஒமேகா சென்டாரி தெரியும். கோடை விடுமுறைக்கு முன்பே மாணவர்களிடம் சொல்லிவையுங்கள். "எப்படித் தெரியும்?" என்ற கேள்வி வந்தால், பாடத்தை நிறுத்திவிட்டு அதற்கு விடை சொல்லுங்கள்.