வாகனத்தில் வந்த வழிப்போக்கர்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

நமது புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரமாகக் கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று தெற்கு நோக்கிச் செல்கிறது கிழக்குக் கடற்கரைச் சாலை. இராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் மோட்டார் சைக்கிளில் செல்லும் வெளியூர் வாலிபர்களை அச்சாலையில் இன்று அடிக்கடி காண்கிறோம். அதையொட்டிய ஓர் ஊரிலிருந்து சில வாலிபர்கள் நம்மிடம் ஒரு கேள்வியைக் கொண்டு வந்தார்கள். அது அவ்வூருக்கு மட்டும் உரிய கேள்வியன்று. ஆகவே இம்மாதப் பாடமாக அதையே எடுத்துக் கொள்கிறோம்.

அவர்கள் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் நண்பர்கள். சேர்ந்து பயணம் செய்பவர்கள். ஆளுக்கு மாதம் ஒரு தொகை போட்டு ஒரு பொது நிதி வைத்திருக்கிறார்கள். ரமளானில் சிலர் தங்கள் ஜகாத்திலும் ஒரு பகுதியை அந்த நிதியிலேயே சேர்த்திருக்கிறார்கள். ஒரு நாள் மஃரிபு வேளையில் கர்நாடகத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் சகோதரர் பழுதான வண்டியைத் தள்ளிக்கொண்டு பள்ளிவாசலுக்கு வந்தார். பணமும் கைப்பேசியும் இருந்த பை வழியில் எங்கோ விழுந்து விட்டதாம். வண்டியைச் சரி செய்து, ஊர் போய்ச் சேரப் பெட்ரோலுக்கும் உதவினால் போதும் என்றார்.

"கொடுப்போம்" என்றனர் சிலர். "வண்டியே ஒன்றரை இலட்சம் பெறும். ஊர் சுற்ற வந்தவருக்கு ஏன் ஏழையின் பணம்?" என்றனர் சிலர். "இப்படித்தான் ஏமாற்றுவார்கள்" என்றனர் வேறு சிலர். இவர்கள் வாதாடி முடியும் வரை அந்த மனிதர் ஹவுழின் ஓரத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். இறுதியில் ஒருவர் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து அனுப்பி வைத்தார். வந்தவர் போய்விட்டார், நண்பர்களுக்குள் வந்த பிளவு மட்டும் போகவில்லை. யார் சொன்னது சரி என்பதே அவர்கள் கேள்வி.

இப்னுஸ் ஸபீல் என்பவர் யார்?

ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரைத் திருமறையின் ஒன்பதாவது அத்தியாயம் 60ஆம் வசனத்தில் அல்லாஹுத் தஆலா எண்ணிச் சொல்கிறான். எட்டாவதாக வருபவரே 'இப்னுஸ் ஸபீல்'. இச்சொல்லுக்குப் 'பாதையின் மகன்' என்பது பொருள். தாயும் தந்தையும் வீடும் வாசலும் தொலைவில் இருக்க, இப்போது பாதையைத் தவிர வேறு உறவு இல்லாதவர் என்பதை இந்தப் பெயரே உணர்த்துகிறது.

முதலிரு வகையினரான ஃபகீரும் மிஸ்கீனும் இல்லாமையால் தகுதி பெற்றவர்கள். வழிப்போக்கரும் ஏழையாகத்தான் இருக்க வேண்டுமென்றால், அவரைத் தனியே ஒரு வகையாக எண்ண வேண்டிய தேவையே இல்லையே! ஆகவேதான் நம் இமாம்கள், ஊரில் செல்வந்தராக இருப்பவரும் அந்தச் செல்வம் கைக்கு எட்டாத இடத்தில் சிக்கிக் கொண்டால் ஜகாத் பெறலாம் என்றார்கள். அவருக்கும் அவர் பொருளுக்கும் இடையே கிடக்கும் தூரமே இங்கே அளவுகோல். "வண்டி ஒன்றரை இலட்சம் பெறும்" என்ற வாதம் இதனால் விழுந்து விடுகிறது. ஓடாத வண்டியை நடு இரவில் யாரிடம் விற்று அவர் பசியாறுவார்?

ஸஹீஹ் முஸ்லிமில் அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸை இங்கே நினைவு கூர வேண்டும். ஒரு பயணத்தில் ஒரு மனிதர் தம் வாகனத்தின் மீது வந்து வலமும் இடமும் பார்வையைச் சுழற்றினார். வாய் திறந்து எதையும் கேட்கவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் அவர் நிலையை உணர்ந்து, மிகுதியான வாகனம் உள்ளவர் வாகனம் இல்லாதவருக்கும், மிகுதியான உணவு உள்ளவர் உணவு இல்லாதவருக்கும் கொடுத்துதவ வேண்டுமென்று கட்டளையிட்டார்கள். தேவையோடு வந்தவர் வாகனத்தின் மீதே வந்தார் என்பதைக் கவனியுங்கள். குதிரையில் வந்து கேட்டாலும் கேட்பவருக்கு உரிமை உண்டு என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு செய்தி உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ் கலை வல்லுநர்களிடையே பேச்சு இருக்கிறது. ஆயினும் முன்னோர் அதன் கருத்தைப் போற்றியே வந்திருக்கிறார்கள்.

சாட்சி கேட்கலாமா?

இங்கே நமது சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாகவே இருக்கிறது. ஓதி முடித்து வந்து முதன்முதலாக இமாமத் செய்த ஊரில், இஷாவுக்குப் பின் ஒருவர் வந்து பஸ் கட்டணம் கேட்டார். "உம்மை அறிந்தவர் இவ்வூரில் யார்?" என்று நாம் கேட்டோம். "என்னை அறிந்தவர் இங்கே இருந்தால் உங்களிடம் ஏன் வருகிறேன், ஹழ்ரத்?" என்று சொல்லிவிட்டு இருட்டில் இறங்கிப் போய்விட்டார். அவர் உண்மையாளரா, பொய்யரா என்பது இன்றுவரை நமக்குத் தெரியாது. சில மாதங்களுக்குப் பின் மாணவர்களுக்கு இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' கிதாபில் ஜகாத் பாடம் நடத்திக் கொண்டிருந்தோம். வழிப்போக்கருக்கு அவருடைய சொல்லை ஏற்றே கொடுக்கப்படும், பயணம் புறப்படாவிட்டால் திரும்ப வாங்கப்படும் என்ற சட்டம் வந்தது. மாணவர்கள் முன் நமக்குக் குரல் தடுமாறியது. அந்த மனிதர் நம்மிடம் சொன்ன நியாயத்தையே இமாம்கள் ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே சட்டமாக்கி வைத்திருக்கிறார்கள். அந்நிய ஊரில் சாட்சிக்கு எங்கே போவார்?

இதன் பொருள் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதன்று. திடகாத்திரமான இருவர் ஸதகா கேட்டு வந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களை மேலும் கீழும் பார்த்து, செல்வந்தருக்கும் உழைத்துப் பொருளீட்டும் வலிமையுள்ளவருக்கும் இதில் பங்கில்லை என்று அறிவுறுத்தினார்கள். ஆயினும் முடிவை அவர்கள் மனச்சாட்சிக்கே விட்டார்கள். எந்த ஊர், எங்கே போகிறார், வண்டியின் ஆர்.சி. புத்தகம் உண்டா என்று ஒருவர் மட்டும் தனியே, கனிவோடு விசாரிக்கலாம். பத்துப் பேர் சுற்றி நின்று விசாரணை செய்வதும், படம் பிடித்துக் கைப்பேசியில் ஊரெங்கும் அனுப்புவதும் ஒரு முஸ்லிமின் மானத்தில் கை வைப்பதாகும்.

இக்காலத்து நிலை

முன்னாளில் ஊரிலிருந்து பணம் வர மாதங்கள் ஆகும். இன்றோ வீட்டாருடன் பேசிய சில நிமிடங்களில் பணம் வந்து சேர்ந்து விடுகிறது. தன் பொருள் இவ்வளவு எளிதில் கைக்கு எட்டுமானால் அவர் இப்னுஸ் ஸபீல் அல்லர். ஆகவே முதல் உதவி, நம் கைப்பேசியை அவர் கையில் கொடுத்து வீட்டாருடன் பேச வைப்பதே. வீட்டில் பணமிருந்தால், நம்மில் ஒருவர் கணக்குக்கு அனுப்பச் செய்து ரொக்கமாக அவரிடம் கொடுத்து விடலாம்; ஜகாத்தைத் தொட வேண்டியதே இல்லை. எண் நினைவில் இல்லை, வீட்டாரிடமும் வழியில்லை, விபத்தில் சிக்கினார் என்றால், அப்போதுதான் அந்தப் பெயர் அவருக்கு உண்மையாகப் பொருந்துகிறது.

கடன் கிடைத்தால் என்ன செய்வது? ஹனஃபீ மத்ஹபில் கடன் வாங்குவது மேலானது, கட்டாயமன்று. ஷாஃபிஈ மத்ஹபிலும் கடன் வாங்கும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஊரில் வசதியுடையவருக்குக் கடன் தர ஆள் இருந்தால் ஜகாத் கொடுக்கலாகாது என்பது மாலிகீ மத்ஹபின் கருத்து. வாலிபர்கள் தம் பொது நிதியிலிருந்து கடனாகக் கொடுப்பதாயின் அதுவும் நன்மையே. வந்தவரின் மானமும் காக்கப்படும்.

எவ்வளவு, எதுவரை?

ஊர் சேரும் வரையிலோ, அவர் பொருள் இருக்கும் இடம் வரையிலோ போதுமான அளவு கொடுக்க வேண்டும். உணவு, தங்குமிடம், வாகனம் ஆகிய மூன்றும் இதில் அடங்கும். சங்கிலி அறுந்தது, டயர் வெடித்தது போன்ற சிறு பழுதானால் சரி செய்து கொடுப்பதே எளிது. இன்ஜினையே பிரிக்க வேண்டுமென்றால் பஸ்ஸிலோ ரயிலிலோ அனுப்பிவிட்டு, வண்டியை அவர் திரும்பி வரும்வரை அமானிதமாகப் பாதுகாத்துக் கொடுக்கலாம்.

தனுஷ்கோடி பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன் என்றால்? உல்லாசப் பயணத்துக்கு ஜகாத் கொடுக்கலாமா என்பதில் ஷாஃபிஈ கிதாபுகளிலேயே இரு கருத்துக்கள் உண்டு. எனவே ஊர் திரும்பும் செலவோடு நிறுத்திக் கொள்வதே பேணுதல். பாவமான பயணத்துக்கு ஷாஃபிஈ மத்ஹபில் ஜகாத் கிடையாது. பணயம் வைத்துப் பந்தயம் ஓட்டுகிறவருக்குப் பெட்ரோல் போட்டுக் கொடுக்க வேண்டாம். அவர் விழுந்து காயப்பட்டால் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லாமல் இருக்கவும் வேண்டாம்.

இன்னும் வீட்டை விட்டே கிளம்பாத ஒருவர், "நான் இந்தியாவைச் சுற்றி வரப் போகிறேன், செலவுக்குத் தாருங்கள்" என்று கேட்டால் அது வேறு விஷயம். ஷாஃபிஈகள் ஊரிலிருந்து புறப்படும் தேவையுள்ளவரையும் இவ்வகையில் சேர்க்கிறார்கள்; ஹனஃபீகள் சேர்ப்பதில்லை. இத்தகையவருக்கு நண்பர்கள் தம் சொந்தப் பணத்தை அன்பளிப்பாகக் கொடுத்துக் கொள்ளட்டும்.

எந்தப் பையிலிருந்து?

அந்த வாலிபர்கள் செய்த உண்மையான தவறு இங்கேதான் இருக்கிறது. மாதச் சந்தாவையும் ஜகாத்தையும் ஒரே பையில் போட்டு விட்டார்கள். சந்தா, கொடுத்தவர்கள் பேசி முடித்த நோக்கத்துக்கு உரியது. பொறுப்பாளர் அதற்கு வக்கீல் மட்டுமே. பயணிகளுக்கு உதவவும் அதைச் செலவிடலாம் என்று எல்லோரும் முன்பே ஒப்புக் கொண்டிருந்தால் அன்று வாதமே எழுந்திராது. ஜகாத்தைத் தனியே வைக்க வேண்டும். அதைப் பெறுபவரின் உடைமையாக்க வேண்டும் என்பது ஹனஃபீ சட்டம். ஆகவே மெக்கானிக்கிடம் நாமே கொடுப்பதைவிட, வழிப்போக்கர் கையில் கொடுத்து அவரே கொடுக்கச் செய்வது நல்லது. ஊர் சேர்ந்த பின் மீதி இருந்தால், ஷாஃபிஈ மத்ஹபில் திரும்பப் பெற வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் அதைத் தர்மம் செய்துவிட வேண்டுமென்ற கட்டாயம் அவருக்கு இல்லை.

"நம் ஊர் ஜகாத் நம் ஊர் ஏழைக்குத்தான்" என்பாரும் உண்டு. நம் ஊருக்குள் வந்து சிக்கிக் கொண்டவர் அன்று நம் ஊராரே. வந்தவர் முஸ்லிமல்லாதவர் என்றால் ஜகாத்தைக் கொடுக்கலாகாது; ஸதகாவை மனமாரக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். திருமயம்–மதுரை சாலையில் காட்டுபாவா பள்ளிவாசலுக்கு முஸ்லிம்களும் இந்துக்களும் சேர்ந்தே வந்து போகிறார்கள். இராமேஸ்வர யாத்திரிகர்களுக்காகச் சத்திரங்கள் எழுந்த பாதையும் இது. வழிப்போக்கரிடம் சோறு போடுமுன் மதம் கேட்கும் வழக்கம் இம்மண்ணுக்குப் புதிது.

முன்னோர் காட்டிய வழி

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் மாவு, பேரீச்சம்பழம், உலர்ந்த திராட்சை முதலியவற்றைச் சேமித்து, வழியில் சிக்கியவர்களுக்கு வழங்க ஒரு களஞ்சியமே வைத்திருந்தார்கள். கி.பி. 717 முதல் 720 வரை ஆட்சி புரிந்த ஹழ்ரத் உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் ஸமர்கந்து பகுதியின் அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். வழியில் விடுதிகள் கட்டும்படியும், வருவோரை ஒரு பகலும் ஓர் இரவும் உபசரித்து அவர்களுடைய வாகனப் பிராணிகளையும் கவனிக்கும்படியும் அதில் கட்டளையிட்டார்கள். நோயாளிக்கு இரு நாட்கள். வழியற்றுப் போனவரை அவர் ஊர் வரை சேர்ப்பிக்க வேண்டும். வாகனப் பிராணியையும் மறக்காத அந்த உள்ளம் இன்று இருந்தால், ஊருக்கு ஊர் பஞ்சர் ஒட்டவும் ஏற்பாடு செய்திருக்கும்!

மதுரையை ஆண்ட சுல்தானின் உறவினராக இத்தமிழகத்தில் தங்கிச் சென்ற உலகப் பயணி இப்னு பதூதா, 1340களில் மேற்குக் கடலில் கொள்ளையரிடம் சிக்கினார். உடுத்தியிருந்த கால்சட்டை தவிர அனைத்தையும் இழந்து கோழிக்கோடு வந்து சேர்ந்தார். அங்கே மார்க்க அறிஞர் ஒருவர் ஓர் ஆடை அனுப்பினார். காஜியார் தலைப்பாகை அனுப்பினார். வணிகர் ஒருவர் மற்றோர் ஆடை அனுப்பினார். மூவரும் ஆளுக்கொன்று கொடுக்க, மனிதர் முழுமையாக உடுத்தி எழுந்தார். கூட்டாகச் செய்யும் உதவி என்பது இதுதான்.

நம் பிள்ளைகளை நினைப்போம்

சகோதரர்களே! நம் மாவட்டத்தில் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ பிள்ளையை அனுப்பாத ஊர் எது? வெளிநாட்டில் சிக்கிய இந்தியரை ஊர் சேர்க்க 2009இல் அரசே ஒரு நல நிதி ஏற்படுத்த வேண்டியிருந்தது. 2020 மார்ச் 25ஆம் தேதி நாடே அடைக்கப்பட்டபோது, ரயிலும் பஸ்ஸும் நின்று, கையில் காசிருந்தும் வீடு போக முடியாமல் இலட்சக்கணக்கானோர் தவித்தார்கள். அன்று செல்வந்தரும் பாதையின் மகனானார். எங்கோ ஓர் அந்நிய ஊரின் பள்ளிவாசல் ஓரத்தில் நம் மகன் தலை குனிந்து உட்கார்ந்திருக்க, அவ்வூரார் அவன் வண்டிக்கு விலை மதித்துக் கொண்டிருந்தால் நம் மனம் என்ன பாடுபடும்?

ஆகவே அந்த வாலிபர்களுக்கு நாம் சொல்வது இதுவே. கொடுப்போம் என்றவர்கள் சொன்னதே சட்டத்துக்கு நெருக்கமானது. விசாரிக்க வேண்டும் என்றவர்கள் கருத்திலும் நியாயம் உண்டு. விசாரித்த முறையே தவறு. இரு பைகளைப் பிரித்து வையுங்கள். பயணிகளுக்கென ஒரு தொகையை இன்றே ஒதுக்குங்கள். விசாரிக்க ஒருவரை நியமியுங்கள். அடுத்து ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது, அவருக்கு முதலில் தண்ணீர் கொடுங்கள். மஸ்அலாவைப் பிறகு பேசிக் கொள்ளலாம்.

தன் பயணத்தில் தவிப்போருக்குத் துணையாக நிற்கும் நற்பாக்கியத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! இம்மையின் பயணம் முடியும் நாளில் நம்மை வழியில் விட்டுவிடாமல் தன் ரஹ்மத்தில் சேர்த்துக் கொள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.