பேசாத கம்பியின் பொருள்

கணினியின் உள்ளே தரவு பல கம்பிகளில் ஒரே நேரத்தில் ஓடும். கணினியை விட்டு வெளியே தொலைவு செல்லும்போதோ, ஒரே கம்பியில் எறும்பு வரிசைபோல் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். இதனைத் தொடர்நிலைத் தொடர்பு என்பர். இதற்கென அமெரிக்காவில் 1960ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட தரவிதியே ஆர்.எஸ்.232.

பெறும் முனையில் +3 வோல்ட் முதல் +15 வோல்ட் வரை இருப்பின் அது ‘0’. −3 முதல் −15 வரை இருப்பின் அது ‘1’. இடைப்பட்ட பகுதிக்குப் பொருளே இல்லை. இரைச்சல் புகுந்தாலும் செய்தி கெடாதிருக்க விடப்பட்ட வெற்றிடம் அது.

அக்காலக் கணினிச் சில்லுகளோ 5 வோல்ட்டில் இயங்குபவை. ஆகவே இக்கம்பியை இயக்க +12, −12 வோல்ட் தரும் தனி மின்வழங்கிகள் வேண்டியிருந்தன. மின்கலத்தில் இயங்கும் சிறு கருவிக்கு இது பெருஞ்சுமை. 1987இல் மேக்சிம் நிறுவனம் வெளியிட்ட மேக்ஸ்232 என்னும் அனுப்பு-பெறு சில்லு இச்சுமையை இறக்கி வைத்தது. ஒரு மின்தேக்கியை 5 வோல்ட்டுக்கு நிரப்பி, வழங்கியின் 5 வோல்ட்டின்மேல் அடுக்கினால் 10 வோல்ட் கிடைக்கும். அந்தப் பத்தை மற்றொரு மின்தேக்கியில் நிரப்பி முனைகளைத் தலைகீழாக்கினால் −10 வோல்ட். சில்லினுள் உள்ள நிலைமாற்றிகள் நொடிக்குப் பல்லாயிரம் முறை இதைச் செய்கின்றன. ஏற்றம் இறைப்பவர் சால் சாலாக நீரை மேட்டுக்கு ஏற்றுவது போன்றதே இது.

ஆனால், பேசாத நேரத்திலும் இறைப்பு ஓயவில்லை. 2000 மில்லியாம்பியர்-மணி கொள்ளளவுள்ள மின்கலத்திலிருந்து 5 மில்லியாம்பியர் இடைவிடாது எடுத்தால், அது 400 மணி நேரத்தில், அதாவது பதினேழே நாள்களில் தீர்ந்துவிடும். பேச்சைவிடக் காத்திருப்பே மின்னாற்றலை மிகுதியாக உண்டது.

இதற்கான விடை அந்தப் பழைய வெற்றிடத்திலேயே இருந்தது. ஓய்விலுள்ள கம்பியும் எதிர் மின்னழுத்தத்தில் நிற்க வேண்டும் என்பது விதி. எனவே கம்பியில் சுழியை ஒட்டிய அழுத்தம் நிலவினால், மறுமுனையில் எவரும் இல்லை என்றே கொள்ளலாம். பின்னர் வந்த சில்லுகள் இதைக் கண்டவுடன் இறைப்பை நிறுத்தி உறங்கின. உறக்கத்தில் அவை எடுப்பது ஏறத்தாழ 1 மைக்ரோஆம்பியர். கணக்கின்படி அதே மின்கலம் 228 ஆண்டுகள் வரும். மின்கலமே அதற்கு நெடுநாள் முன்னர்த் தானாக ஓய்ந்துவிடும் என்பது வேறு. கம்பியை மீண்டும் இணைத்தால் உரிய அழுத்தம் வந்து சில்லு விழித்துக்கொள்ளும்.

எனினும், இணைத்த கம்பியைக் கழற்ற மறந்தால்? மறுமுனை எதுவும் பேசாவிடினும் எதிர் மின்னழுத்தம் நீடிக்கும்; சில்லும் உறங்காது. அடுத்த தலைமுறைச் சில்லுகள் அழுத்தத்தை மட்டும் பாராமல் மாற்றத்தையும் கவனித்தன. 30 நொடிகள் வரை எந்த மாற்றமும் நிகழாவிடின், கம்பி இணைந்திருக்கும்போதே அவை உறங்கச் சென்றன.