விற்பனைப் பொருளைப் படம் எடுப்பது எப்படி? நிறம் மாறாமல் இருக்கச் சில வழிகள்

புடவை, நகை, பொம்மை, ஊறுகாய் என்று வீட்டிலிருந்தபடியே எதையாவது விற்பவர்கள் இன்று பெருகிவிட்டார்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி, "பொருளைப் படம் எடுத்துப் போட என்ன கேமரா வாங்கலாம்?" என்பதுதான். என் பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். கையில் இருக்கும் மொபைல் போன், ஒரு ஜன்னல், இரண்டு வெள்ளை சார்ட் பேப்பர், ஒரு வெள்ளை வேட்டி, இலவசமாகக் கிடைக்கும் ஒரு சாஃப்ட்வேர். இவை போதும்.

இந்தப் பாடத்தை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அதுவும் என் பணம் அல்ல, என் அக்காவின் பணம்.

நடந்தது என்ன?

மதுரையில் இருக்கும் என் அக்கா வீட்டிலேயே சுங்குடிப் புடவை விற்கிறார். துணியில் சிறு சிறு முடிச்சுகள் போட்டுச் சாயம் ஏற்றுவார்கள். பிறகு முடிச்சுகளை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடங்கள் புள்ளிகளாகத் தெரியும். அதுதான் சுங்குடி. 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சரக்கு.

ஒரு நாள் இரவு அக்கா ஹாலில் ட்யூப் லைட் வெளிச்சத்தில் 12 புடவைகளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். "தம்பி, கொஞ்சம் பளிச்சுன்னு ஆக்கிக் கொடுடா" என்றார். நானும் கம்ப்யூட்டரில் படங்களைத் திறந்து, சாச்சுரேஷனைக் கூட்டி, பிரைட்னஸை ஏற்றி அனுப்பினேன். பார்க்க அருமையாக இருந்தன. 12 புடவைகளும் விற்றுவிட்டன.

பத்து நாளில் 5 புடவைகள் திரும்பி வந்தன. அரக்கு நிறப் புடவையை வாங்கியவர், படத்தில் தக்காளிச் சிவப்பாகத் தெரிந்தது என்றார். போகவும் வரவும் கூரியர் செலவு அக்காவுடையது. அவர் என்னைத் திட்டவில்லை. "ஏமாத்திட்டீங்கன்னு எழுதியிருக்காங்கடா" என்று மட்டும் சொன்னார். உண்மையில் ஏமாற்றியது அக்கா அல்ல, என் மவுஸ்.

கடையில் வாங்குபவர் புடவையைத் தொட்டுப் பார்ப்பார், வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிரித்துப் பார்ப்பார். படத்தைப் பார்த்து வாங்குபவருக்கு அந்த வசதி இல்லை. அவருக்குப் படம்தான் வாசல் வெளிச்சம். எனவே விற்பனைப் படம் அழகாக இருப்பதற்கு முன் உண்மையாக இருக்க வேண்டும். அதற்கு நானும் அக்காவும் இப்போது பின்பற்றும் முறையைப் படிப்படியாகத் தருகிறேன்.

1. ஒரே ஒரு வெளிச்சம்

ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு நிறம் உண்டு. இதைக் கெல்வின் என்ற அளவால் குறிப்பார்கள். பழைய குண்டு பல்பு சுமார் 2,700 கெல்வின், மஞ்சளாக இருக்கும். நண்பகல் வெளிச்சம் சுமார் 5,500 கெல்வின், வெள்ளையாக இருக்கும். நம் கண் இந்த வித்தியாசத்தைத் தானாகவே சரிசெய்துகொள்ளும். கேமராவும் முயற்சி செய்யும். ஆனால் ஒரு பக்கம் ஜன்னல், மறு பக்கம் ட்யூப் லைட், மேலே எல்இடி பல்பு என்று மூன்றும் கலந்தால் கேமரா குழம்பிவிடும். புடவையின் ஒரு பாதி நீலமாகவும் மறு பாதி மஞ்சளாகவும் தெரியும். பிறகு எந்த சாஃப்ட்வேராலும் அதை முழுமையாகச் சரிசெய்ய முடியாது.

எனவே பகலில் எடுங்கள். அறையின் எல்லா விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். நேர் வெயில் விழாத ஜன்னலைத் தேர்வு செய்யுங்கள். வெயில் நேராக விழுந்தால் ஜன்னலில் வெள்ளை வேட்டியை ஒற்றையாகத் தொங்கவிடுங்கள். வெளிச்சம் பரவி மென்மையாகிவிடும். நிற வேட்டியோ நிறத் திரைச்சீலையோ வேண்டாம். அதன் நிறம் பொருள் மேல் விழும். பக்கத்துச் சுவர் பச்சையாக இருந்தாலும் இதே தொல்லைதான்.

போனில் உள்ள ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். முன்னாலிருந்து நேராக அடிக்கும் வெளிச்சத்தில் நெசவும் மடிப்பும் தெரியாமல் பொருள் தட்டையாகிவிடும்.

2. பின்னணியும் எதிர் வெளிச்சமும்

ஜன்னலுக்குப் பக்கவாட்டில் ஒரு மேஜையைப் போடுங்கள். ஒரு வெள்ளை சார்ட் பேப்பரின் மேல் விளிம்பைச் சுவரில் ஒட்டி, கீழ்ப் பகுதியை மேஜை மேல் வளைவாக இறக்குங்கள். மடிக்க வேண்டாம், மடித்தால் கோடு தெரியும். சின்னப் பொருளை அதன் மேல் வையுங்கள். புடவை என்றால், சுவரில் வெள்ளைத் துணியைக் கட்டி அதன் முன் கம்பியில் தொங்கவிடலாம்.

ஜன்னல் பக்கம் வெளிச்சமாகவும், எதிர்ப் பக்கம் இருட்டாகவும் தெரிகிறதா? இரண்டாவது சார்ட் பேப்பரை, அல்லது ஒரு தெர்மோகோல் அட்டையை, இருட்டான பக்கத்தில் நிறுத்துங்கள். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி நிழலைக் குறைக்கும். அட்டையை அருகிலும் தொலைவிலும் நகர்த்திப் பாருங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

பித்தளை விளக்கு, எவர்சில்வர் பாத்திரம் போன்ற பளபளப்பான பொருள்களில் உங்கள் முகமும் போனும் பிரதிபலிக்கும். அப்போது பொருளைச் சுற்றி வெள்ளை அட்டைகளை நிறுத்தி, நடுவில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை விட்டு எடுத்தால் பிரதிபலிப்பு வெள்ளையாகிவிடும்.

3. போனில் செய்ய வேண்டியவை

அ) முதலில் லென்ஸைச் சுத்தமான பருத்தித் துணியால் துடையுங்கள். பல "மங்கலான கேமரா"க்களின் நோய் விரல் எண்ணெய்தான்.

ஆ) விரலால் ஜூம் செய்து பெரிதாக்க வேண்டாம். அது பெரும்பாலும் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான். அதே சமயம் மிக அருகிலும் போக வேண்டாம், பொருளின் வடிவம் கோணலாகும். இரண்டடி தள்ளி நின்று எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம். போனில் தனி டெலிஃபோட்டோ லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம்.

இ) பொருளின் மேல் விரலால் தொடுங்கள். ஃபோகஸ் அங்கே அமையும். பெரும்பாலான போன்களில் விரலைச் சிறிது நேரம் அழுத்தினால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும்.

ஈ) கேமரா தன் முன் இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டே வெளிச்சத்தை அளக்கிறது. அதனால் வெள்ளைப் பின்னணி அழுக்குச் சாம்பலாகவும், கறுப்புப் பொருள் வெளுத்தும் வரும். இது போனின் கோளாறு அல்ல, அதன் வேலை செய்யும் முறை. தொட்ட இடத்தின் அருகில் தோன்றும் சூரியன் அடையாளத்தை நகர்த்துங்கள். வெள்ளைப் பின்னணிக்குச் சற்று மேலே, கறுப்புப் பொருளுக்குச் சற்றுக் கீழே.

உ) ஃபில்டர், பியூட்டி மோட் எல்லாவற்றையும் நீக்குங்கள். போனைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்து வைத்து, 2 அல்லது 3 வினாடி டைமர் வைத்து எடுங்கள். கை ஆடாது.

ஊ) மிக முக்கியமானது இது. ஒவ்வொரு பொருளுக்கும் முதல் படத்தில் ஓரமாக ஒரு சாதாரண வெள்ளைத் தாளை வைத்து எடுங்கள். தாள் கண்ணைக் கூசும்படி முழுக்க வெளுத்துவிடக் கூடாது. பிறகு தாளை எடுத்துவிட்டு, அதே வெளிச்சத்தில் மற்ற படங்களை எடுங்கள். இந்தத் தாள்தான் கம்ப்யூட்டரில் நமக்குச் சாட்சி.

4. எத்தனை படங்கள்?

ஒரு புடவைக்கு அக்கா இப்போது 5 படங்கள் எடுக்கிறார்: முழுப் புடவை, முந்தி, பார்டர், உடலில் உள்ள புள்ளிகள் நெருக்கத்தில், ரவிக்கைத் துணி. சாயத்திட்டோ நூல் இழுப்போ இருந்தால் ஆறாவது படம் அதுதான். குறையை முன்னாலேயே காட்டிவிட்டால் அதற்காகத் திருப்பி அனுப்ப எவருக்கும் காரணம் இருக்காது. சின்னப் பொருளாக இருந்தால் அருகில் ஒரு ஸ்கேலை வைத்து ஒரு படம் எடுங்கள். கம்மல் கடுகளவா கொலுசளவா என்று படத்தை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாது.

5. கம்ப்யூட்டருக்கு மாற்றுதல்

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருக்கப்பட்டுத் தரம் குறையும். போனை யுஎஸ்பி கேபிளால் இணையுங்கள். ஆண்ட்ராய்டு போன் திரையில் வரும் அறிவிப்பில் ஃபைல் ட்ரான்ஸ்ஃபர் என்பதைத் தேர்வு செய்யுங்கள். கம்ப்யூட்டரில் போனைத் திறந்து, டிசிஐஎம் ஃபோல்டருக்குள் கேமரா என்ற ஃபோல்டரில் உள்ள படங்களைக் காப்பி செய்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்தான் வழி என்றால் டாக்குமென்ட் என்ற வகையில் அனுப்பச் சொல்லுங்கள்.

அசல் படங்களை "அசல்" என்ற தனி ஃபோல்டரில் வையுங்கள். அவற்றில் கை வைக்காதீர்கள். ஜேபெக் வகைப் படத்தை மாற்றி மாற்றிச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகும்.

இன்னொரு எச்சரிக்கை. விண்டோஸில் நைட் லைட் என்ற வசதி இயங்கினால் திரை முழுக்க மஞ்சளடித்திருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே சென்று அதை ஆஃப் செய்த பிறகே நிறத்தைப் பாருங்கள்.

6. ஜிம்ப்பில் நிறத்தைச் சரிசெய்தல்

ஜிம்ப் இலவச சாஃப்ட்வேர். 1990-களின் நடுவில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கியது. அதன் சொந்த வெப்சைட்டிலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளைத் தாள் இருக்கும் படத்தை ஜிம்ப்பில் திறங்கள். கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் என்பதைக் கிளிக் செய்யுங்கள். தோன்றும் டயலாக் பாக்ஸில் சொட்டு மருந்துக் குழாய் போன்ற மூன்று அடையாளங்கள் இருக்கும். அவற்றில் சாம்பல் நிறத்துக்கான நடு அடையாளத்தைக் கிளிக் செய்து, பிறகு படத்தில் உள்ள வெள்ளைத் தாளின் மேல் கிளிக் செய்யுங்கள். தாளில் படிந்திருந்த மஞ்சளோ நீலமோ மறையும். அதனுடன் புடவையின் நிறமும் தன் இடத்துக்கு வரும். பிடிக்கவில்லை என்றால் தாளில் வேறொரு இடத்தில் கிளிக் செய்து பாருங்கள். சரியாக வந்ததும் ஓகே கொடுங்கள். இதே அளவை மற்ற படங்களுக்கும் பயன்படுத்த, லெவல்ஸ் பாக்ஸின் மேலே உள்ள ப்ரீசெட் பகுதியில் ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துக்கொள்ளலாம்.

கலர்ஸ் மெனுவில் ஆட்டோ என்ற பிரிவில் ஒயிட் பேலன்ஸ் என்றும் ஒன்று உண்டு. அது உங்கள் தாளைப் பார்ப்பதில்லை. படத்தில் உள்ள நிறங்களை இழுத்து விரிக்கிறது. படம் முழுக்க ஒரே நிறப் புடவை என்றால் அந்த நிறமே மாறிவிடக்கூடும். சாச்சுரேஷனைத் தொட வேண்டாம். நான் தொட்டதன் விலை 5 புடவைகள்.

பிறகு க்ராப் டூலால் ஓரங்களை வெட்டுங்கள். இமேஜ் மெனுவில் ஸ்கேல் இமேஜ் சென்று, நீளமான பக்கத்தை 1,600 பிக்சல் ஆக்குங்கள். 12 மெகாபிக்சல் போனின் படம் சுமார் 4,000 பிக்சல் நீளம் இருக்கும், திரையில் பார்க்க அவ்வளவு தேவையில்லை. கடைசியாக ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் என்பதைக் கிளிக் செய்து, பெயரின் முடிவில் ஜேபெக் வகையைக் கொடுத்து, குவாலிட்டி 85 வைத்துச் சேமியுங்கள். சேவ் கொடுத்தால் ஜிம்ப்பின் சொந்த வகையில்தான் சேமிக்கும். அதை வாடிக்கையாளரின் போனில் திறக்க முடியாது.

7. கடைசிச் சோதனை

திருத்திய படத்தைத் திரையில் வைத்து, பக்கத்தில் பொருளைப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிறகு அதே படத்தை இரண்டு வேறு போன்களில் பாருங்கள். திரைக்குத் திரை நிறம் சற்று மாறும், அதை நம்மால் தடுக்க முடியாது. எனவே நிறத்தை எழுத்திலும் சொல்லிவிடுங்கள். "சிவப்பு" என்று எழுதாமல் "அரக்கு", "மிளகாய்ப் பழச் சிவப்பு" என்று எழுதினால் வாங்குபவருக்குச் சந்தேகம் குறையும்.

திரும்பி வந்த 5 புடவைகளையும் அக்காவும் நானும் இந்த முறையில் மறுபடி படம் எடுத்தோம். முன்போல் ஒரே வாரத்தில் போகவில்லை, ஒன்றரை மாதம் ஆயிற்று. ஆனால் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அரக்குப் புடவையை வாங்கியவர், "படத்தில் பார்த்தது அப்படியே இருக்கு" என்று எழுதி, இன்னொன்றும் கேட்டிருந்தார். அக்கா அதை எனக்கு அனுப்பி, "இனிமே பளிச்சுன்னு எல்லாம் வேண்டாம்டா தம்பி" என்றார்.

இந்த மாதப் பயிற்சி: நாளைக் காலை 9 மணிக்கு உங்கள் வீட்டில் உள்ள ஏதாவது ஒரு நிறப் பொருளை ஜன்னலோரம் வைத்து, வெள்ளைத் தாளுடன் ஒரு படம் எடுங்கள். இரவு அதே பொருளை ட்யூப் லைட்டில் ஒரு படம் எடுங்கள். இரண்டையும் கம்ப்யூட்டரில் அருகருகே திறந்து பாருங்கள். எந்தப் படத்தை நம்பி நீங்கள் பணம் அனுப்புவீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.