டார்ஜிலிங் டிரிப்: எல்டிஏ-வில் எது சேரும், எது சேராது?

பாண்டிச்சேரி வெயிலுக்குப் பயந்து டார்ஜிலிங் கிளம்புறீங்களா? டீத்தோட்டம், கஞ்சன்ஜங்கா, 1881-லிருந்து ஓடுற பொம்மை ரயில் எல்லாம் பாருங்க. அதுக்கு முன்னாடி உங்க சம்பளத்தில் எல்டிஏ இருக்கான்னு பாருங்க.

என்கிட்ட வந்த ஒருத்தர், 'டூர் பேக்கேஜ் 60,000' என்று ஒரே வரியில் பில் வெச்சிருந்தார். டிக்கெட் கட்டணம் தனியா இல்லாததால் ஆபீஸில் ஒரு ரூபாய்கூட ஏத்துக்கலை.

வரிவிலக்கு போக வர டிக்கெட்டுக்கு மட்டும்தான். ஹோட்டல், சாப்பாடு, சுத்திப் பார்க்கிற செலவு, பொம்மை ரயில் ஜாலி ரைடு எதுவும் சேராது.

உதாரணமா, எல்டிஏ 30,000. சென்னை–பாக்டோக்ரா எகானமி டிக்கெட் போக வர 24,000, ஹோட்டல் 20,000. விலக்கு 24,000-க்கு மட்டும். மீதி 6,000-க்கு வரி உண்டு. 20% ஸ்லாப் என்றால், செஸ் சேர்த்து 4,992 ரூபாய் மிச்சம்.

லீவு போட்டுத்தான் போகணும். நாலு வருஷ பிளாக்கில் ரெண்டு பயணத்துக்குத்தான் விலக்கு. 2022-25-ல் பயன்படுத்தாத ஒரு பயணத்தை 2026 டிசம்பருக்குள் போகலாம்.

முக்கியமா, இது பழைய வரி முறையில் மட்டும்தான். இந்த 5,000-க்காக அதுக்குத் தாவிடாதீங்க. ரெண்டு முறையிலும் மொத்த வரியைக் கணக்குப் போட்டுட்டு முடிவெடுங்க.