சுண்ணாம்புச் சத்தும் புற்றுநோயும்

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி வாடிய முகத்துடன் வந்தாள். அவளுடைய பெரியம்மாவுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி கண்டு, அறுவைச் சிகிச்சை முடிந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. தேறி வந்தவர் திடீரென்று பாலை நிறுத்திவிட்டார். மோர், கேழ்வரகுக் கூழ் எதையும் தொடுவதில்லை. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பைக்கூட விட்டுவிட்டார். "கால்சியத்தைப் பிடிக்கும் புரதம்தான் புற்றுநோயைப் பரப்புகிறது" என்று யாரோ கைபேசியில் அனுப்பிய செய்தியே காரணம்.

"இது உண்மையா, சிஸ்டர்?" என்று அவள் உயிரியல் வகுப்பில் கேட்டாள். சிஸ்டர் உடனே பதில் சொல்லவில்லை. "அறிவியல் மன்றத்துப் பிள்ளைகள் படித்து வந்து சொல்லுங்கள், நானும் படித்து வருகிறேன்" என்றார். அப்படி நாங்கள் படித்து அறிந்ததே இக்கட்டுரை.

வீட்டில் சுண்ணாம்புச் சத்து என்பதும் புத்தகத்தில் கால்சியம் என்பதும் ஒன்றே. வளர்ந்த ஒருவரின் உடலில் அது ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கிறது. அதில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் உள்ளது. மிச்சம் ஒரு பங்குதானே என்று எண்ணிவிடக் கூடாது. 1880களில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளையின் இதயத்தை உப்பு நீரில் வைத்துத் துடிக்கச் செய்தார். குழாய்த் தண்ணீரில் கரைத்த உப்பு நீரில் அது நன்கு துடித்தது. காய்ச்சி வடித்த தூய நீரைப் பயன்படுத்தியதும் துடிப்பு ஓய்ந்தது. குழாய் நீரில் இருந்த சிறிதளவு சுண்ணாம்பே இதயத்தை இயக்கியது என்று அவர் 1883இல் எழுதினார். தூய்மையான நீரே குறையுள்ள நீராகிவிட்டது வியப்பன்றோ!

உயிரணுவுக்கு வெளியே இருக்கும் கால்சியத்தைவிட உள்ளே இருப்பது ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு குறைவு. அணு அதை ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது. அதனால் சிறிதளவு உள்ளே புகுந்தாலும் அது பள்ளி மணி அடித்ததுபோல் ஒரு செய்தியாகிறது. அச்செய்தியைக் கேட்டுச் செயல்படும் புரதங்களும் உண்டு, வெளியே உள்ள கால்சியத்தைக் கொண்டு வேலை செய்யும் புரதங்களும் உண்டு.

இனிப் புற்றுநோய்க்கு வருவோம். ஓரிடத்தில் நிற்கும் கட்டியை வெட்டி எடுத்துவிடலாம். அதன் அணுக்கள் பிரிந்து நெறிக்கட்டிகளுக்கும் நுரையீரலுக்கும் எலும்புக்கும் போய்ச் சேர்வதுதான் பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம். பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி இருக்க, அக்குளில் ஏன் வெட்டினார்கள் என்று எங்களுக்கு முன்பு விளங்கவில்லை. நோய் முதலில் சென்று தங்கும் நெறிக்கட்டிகள் அங்கேதான் உள்ளன. இப்படிப் புறப்பட்டுச் செல்வதற்கு ஓர் அணு இரண்டு காரியம் செய்ய வேண்டும்: பக்கத்து அணுவின் பிடியை விட வேண்டும், நகர வேண்டும். இரண்டிலும் கால்சியத்தைப் பிடிக்கும் புரதங்கள் வருகின்றன.

பிடியைப் பற்றிக் கண்டறிந்தவர் ஜப்பானியரான மசாதோஷி தாகேய்ச்சி. கியோட்டோவில் அவர் பிரித்தெடுத்த அணுக்கள் மீண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அமெரிக்கா சென்று பால்டிமோரில் செய்தபோது அவை ஒட்டவில்லை. அங்கே அணுக்களைப் பிரிக்கும் கரைசலில் கால்சியத்தை அகற்றும் பொருள் ஒன்று கலந்திருந்ததுதான் வேறுபாடு! அதைத் தொடர்ந்து ஆராய்ந்து அவர் கண்ட ஒட்டும் புரதத்திற்கு 1984இல் கெதரின் என்று பெயரிட்டார். கால்சியம் சேர்ந்தால் அது கஞ்சி போட்ட பருத்திச் சேலைபோல் விறைத்து நின்று அடுத்த அணுவின் கெதரினைப் பற்றிக்கொள்ளும். கால்சியம் இல்லையென்றால் துவண்டுவிடும்.

இந்தப் பிடி போனால் என்ன ஆகும் என்பதை நியூசிலாந்தின் மாவோரி குடும்பம் ஒன்றின் வரலாறு காட்டுகிறது. முப்பது ஆண்டுகளில் அக்குடும்பத்தில் இருபத்தைந்து பேர் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தனர். அவர்களில் மிக இளையவருக்கு வயது 14. எங்களைவிட ஒரு வயது குறைவு என்பதால் இதைப் படித்தபோது சற்று நேரம் யாரும் பேசவில்லை. அக்குடும்பத்தாரே ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்களை நாடினர். 1998இல் பாரி கில்ஃபோர்டு குழுவினர் காரணத்தைக் கண்டனர்: கெதரின் வகையில் ஒன்றை உண்டாக்கும் மரபணுவில் பிழை. பெற்றோரில் ஒருவருக்கு அப்பிழை இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இரத்தப் பரிசோதனையில் அப்பிழை இருப்பதை அறிந்து, நோய் முற்றுமுன் வயிற்றையே அகற்றிக்கொண்டு உயிர் பிழைத்தவர்கள் உண்டு. கால்சியத்தைப் பிடிக்கும் புரதம் இருந்ததால் அல்ல, அது கெட்டுப்போனதால்தான் அங்கே நோய் வந்தது. பெரியம்மாவுக்கு வந்த செய்தியில் இந்தப் பாதி இல்லவே இல்லை.

அந்தச் செய்தியில் இருந்தது மற்றொரு பாதி. எஸ்100 என்ற புரதக் குடும்பம் 1965இல் மாட்டின் மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அம்மோனியம் சல்பேட்டின் நூறு சதவீதப் பூரிதக் கரைசலிலும் கரைந்து நின்றதால் அந்தப் பெயர். அதில் எஸ்100ஏ4 என்பது 101 அமினோ அமிலங்கள் கொண்ட மிகச் சிறிய புரதம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டினால் தெரியும் வடிவில் அதற்குக் கால்சியத்தை ஏந்தும் இடங்கள் உள்ளன. கால்சியம் வந்து அமர்ந்ததும் புரதத்தில் மூடியிருந்த ஒரு பள்ளம் திறக்கிறது. அப்பள்ளம் மயோசின் என்னும் புரதத்தின் வாலைப் பற்றி, முறுக்கிய கயிற்றைப் பிரிப்பதுபோல் மயோசின் இழைகளைப் பிரித்துவிடும். கட்டிப்போட்ட கயிறு அவிழ்ந்தால் கன்று ஓடும், அதுபோல் அணுவும் நகரத் தொடங்குகிறது. 1993இல் இங்கிலாந்தின் லிவர்பூல் ஆய்வாளர்கள், பரவும் தன்மையற்ற எலி அணுக்களில் இதன் மரபணுவைச் சேர்த்தார்கள். அவற்றில் உண்டான கட்டிகள் பரவலாயின. பிற்பாடு, இப்புரதம் இல்லாத சுண்டெலிகளில் கட்டி பரவுவது வெகுவாகக் குறைந்ததும் காணப்பட்டது.

அப்படியானால் பால் குடித்தால் ஆபத்துதானே என்று தோழி கேட்டாள். அதுதான் இல்லை. கெடுதல் செய்வது அந்தப் புரதம் அளவுக்கு மீறி உண்டாவது. அதை அணுவின் மரபணுக்கள் தீர்மானிக்கின்றன, நாம் குடிக்கும் பால் அன்று. இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு ஏறக்குறைய 9 முதல் 10 மில்லி கிராம் கால்சியம் இருக்குமாறு உடலே காத்துக்கொள்கிறது. உணவில் குறைத்தால் எலும்பிலிருந்து எடுத்து அந்த அளவை நிரப்பும். ஆகவே பெரியம்மா பாலை நிறுத்தியதால் பட்டினி கிடந்தது புற்றுநோய் அன்று, அவருடைய எலும்பே. நோய் எலும்பில் பரவியவர்களுக்குச் சில சமயம் இரத்தத்தில் கால்சியம் கூடுவதுண்டு. அதற்கு மருத்துவரே தனியாக ஆலோசனை சொல்வார்.

இவற்றையெல்லாம் எழுதித் தோழியின் கையில் கொடுத்தோம். பெரியம்மா அதை அடுத்த முறை தம் மருத்துவரிடமே காட்டினாராம். அவர் உட்கொள்ளும் மாத்திரை எலும்பை மெலியச் செய்யும் வகை, கால்சியம் கட்டாயம் வேண்டும் என்று மருத்துவர் கடிந்துகொண்டாராம். இப்போது காலையில் கூழும் இரவில் பாலும் குடிக்கிறார். வெற்றிலைப் பெட்டியை மட்டும் திரும்ப எடுக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லி அனுப்பினோம். சுண்ணாம்புக்காக அன்று, அதனோடு போகும் பாக்குக்கும் புகையிலைக்கும் வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் குணம் உண்டு என்பதற்காக. "பாக்கைப் பற்றி உங்களை யார் கேட்டார்கள்?" என்று பெரியம்மா சிரித்தாராம். பெட்டி இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது என்கிறாள் தோழி.